எனக்கு முன்னால் உள்ளே போனவள்

சில வருடங்களுக்கு முன்பு, ஊரடங்கெல்லாம் முடிந்து கல்லூரிகள் பழையபடி நடக்க ஆரம்பித்த சமயம். எங்கள் வீடு பர்கூர் பக்கம். முனைவர் பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை அமையாமல், ஓசூர் அருகே ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். தினமும் கிருஷ்ணகிரி வந்து ஓசூர் பஸ் பிடிக்க வேண்டும்.

அந்த பஸ்ஸில்தான் அவளைப் பார்த்தேன். சூளகிரியில் ஏறுவாள். ஒருநாள் நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்காக என் ஆராய்ச்சியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "நீங்களும் பிஎச்.டி.யா? நானுந்தாங்க!" என்றாள். என்னமோ தொலைந்துபோன சொந்தக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி அத்தனை சந்தோஷம் அவளுக்கு. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலை பார்த்தாள்.

அன்று முதல் பஸ்ஸே எங்களுக்குப் பயிற்சிக் கூடம் ஆனது. கம்பெனிக்கு விண்ணப்பம் எப்படி எழுதுவது, சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒருநாள் அவள் தேர்வுக் குழு, மறுநாள் நான். கைப்பேசியில் வீட்டாரிடம் தெலுங்கு, பின்சீட்டு அம்மாவிடம் கன்னடம் என்று கலகலப்பாகப் பேசுபவள், தேர்வுக் குழு ஆனதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். "உங்க ஆராய்ச்சியால யாருக்கு என்னங்க பிரயோஜனம்?"

கிரானைட் தூளில் செங்கல் செய்வதுதான் என் ஆராய்ச்சி. நான் விளக்கிக்கொண்டே போக, முன்சீட்டுக்காரர் திரும்பி, "ஏம்மா, அந்தச் செங்கல்லு எங்க கெடைக்கும்? வீடு கட்டறேன்" என்றார். ஓசூர் போகிற வரைக்கும் சிரித்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தை இருவருமே பயிற்சியில் தொடமாட்டோம். நான் செய்த செங்கற்கள் ஒரு வருடம் முழுக்க விரிசல் விட்டு வெடித்துக்கொண்டே இருந்தன. ஆராய்ச்சியையே விட்டுவிடலாமா என்று அழுதிருக்கிறேன். அவளுக்கும் அப்படி ஒரு வருடம் உண்டு. அதெல்லாம் வெளியே சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தோம்.

அப்போதுதான் ஓசூரில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இருவருக்கும். இடம் ஒன்றே ஒன்று.

என் கல்லூரியில் அந்தப் பருவத்தோடு என்னை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. அவள் ஒப்பந்தமும் முடிய இருந்தது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, "சரி, இன்னிக்கு யாரு கேள்வி கேக்கறது?" என்றாள். தேர்வுக்கு முந்தைய நாள் வரை ஒருவரை ஒருவர் தயார் செய்தோம்.

தேர்வு நாளில் எனக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆராய்ச்சியில எது சரியா வரலைன்னு ஒருத்தர் கேப்பாருங்க. எனக்கு எல்லாமே சரியா வந்துச்சுன்னு சொல்லிட்டேன். அதோட அவரு மொகமே மாறிடுச்சு. நீங்க அந்த வெடிச்ச செங்கல்லப் பத்திச் சொல்லுங்க. மறைக்காதீங்க."

"எங்கிட்ட ஏங்க இதைச் சொல்றீங்க?" என்றேன்.

"எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே" என்று என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்ன கேள்வி அப்படியே வந்தது. வெடித்த கற்களைப் பற்றியும், ஏன் வெடித்தன என்று நான் தேடி அலைந்ததைப் பற்றியும் சொன்னேன். கேட்டவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் இன்னும் கேட்டார். வேலை எனக்குக் கிடைத்தது.

அவளுக்குப் போன் செய்தேன். நான் பேச ஆரம்பித்ததுமே அவளே கண்டுபிடித்துவிட்டாள். "வருத்தமா இல்லைன்னு சொன்னா பொய்யிங்க. ஆனா வேலை நம்ம பஸ்ஸ விட்டு வெளிய போகலையே, அது போதும்" என்றாள்.

அடுத்த வருடம் அவளுக்கும் சென்னையில் நல்ல ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. இப்போது பண்டிகைக்குப் பண்டிகை போன் பேசுவதோடு சரி. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். ஆளுக்கு ஆள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். சூளகிரி தாண்டும்போது, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு யாராவது என்னைக் கேள்வி கேட்கமாட்டார்களா என்றிருக்கும். படிப்பை முடித்த பிள்ளைகள் இன்டர்வியூவுக்கு யோசனை கேட்டு போன் செய்தால், எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

வேலை கிடைத்த சந்தோஷமெல்லாம் எப்போதோ பழகிப்போய்விட்டது. தனக்கு இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்திலும் அவள் கிளம்பிப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் எனக்கு இன்னும் பழகவே இல்லை.