சல்லடையில் சேர்த்த கம்பி

செல்லன், இனாயத்துல்லா பாய்க்குக் கொடுக்க வேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூறு மலேசிய வெள்ளி. கெராங் வாங்கி விற்ற கடன். அதைப் பாயே தள்ளிவிட்டார். “ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணியில நட்டம், நீ என்னய்யா பண்ணுவ” என்று சொல்லி, செல்லனின் கண்முன்னாலேயே கணக்குப் புத்தகத்தில் கோடு இழுத்தார். ஆயிற்று, இருபது வருஷம்.

அந்தக் கோடு கொடுத்த தைரியத்தில்தான் செல்லன் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒருத்தனுக்கும் ஒரு காசு பாக்கி வைக்காம வளர்ந்தவன் நான்.”

வளர்ந்தது பொய்யில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்தவர். பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏழு தோட்டம் சுற்றினார். இன்று புக்கிட் பெலிம்பிங்கில் சொந்தக் கடை, ஐஸ் பெட்டி வைத்த லோரி இரண்டு. மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தார். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்தவன் பிள்ளையெல்லாம் வாடகை வீட்டில் கிடக்க, கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாத செல்லன் மாடி வீடு கட்டினார். சும்மாவா?

கெராங் என்பது கோலா சிலாங்கூர் கரையோரச் சேற்றில் புதைந்து வளரும் சிப்பி. சம்பளத்தன்று செல்லன் அதை லயத்தில் டின் கணக்கில் விற்பார். லயத்துத் தாய்மார்கள் எடை பார்ப்பதில்லை. வேகவைத்து எண்ணித்தான் பங்கு வைப்பார்கள், பிள்ளைக்குப் பத்து. பெரிய சிப்பி டின்னுக்கு அறுபது பிடிக்கும். ஆறு பிள்ளைகளோடு சரி, அப்பனுக்கு வெறும் ரசம்தான். பொடிச் சிப்பி நூறைத் தாண்டும்.

“செல்லண்ணே, பொடுசாப் பாத்துப் போடுங்க. போன மாசம் எம் புருஷன் ஓட்டத்தான் நக்குனாரு” என்று கேலி பேசி வாங்குவார்கள்.

பாயிடம் பொடிச் சிப்பி கிடைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அவர் அரசாங்க அனுமதி வாங்கிக் கெராங் வளர்த்த இடம் இருந்தது. அள்ளிய சேற்றைப் படகோரமாகவே இரும்புச் சல்லடையில் அலசுவார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கட்டைவிரல் தாராளமாக நுழையும். “விழுறது கடலுக்கு, நிக்கிறது நமக்கு” என்பார் பாய். சர்க்கார் சொன்ன அளவும் அதுதான். விழுந்த குஞ்சு பெருத்து, முட்டையிட்டு, அடுத்த வருஷம் சல்லடையில் நிற்கும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பாய் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். நாற்பது நாள். நம்பிக்கையான ஆள் என்று இடத்தைச் செல்லனிடம் விட்டுப் போனார். படியிறங்கும்போது, “விழுறத மட்டும் எடுத்துறாத, செல்லா” என்றார்.

பாய் போன மூன்றாம் நாள் செல்லன் சல்லடையைத் தோட்டத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு கம்பிக்கு நடுவில் இன்னொரு கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். அதற்கப்புறம் பாய் திரும்பும்வரை கடலுக்கு எதுவும் விழவில்லை. ஏழு தோட்டத்திலும் செல்லன் டின்னுக்கு அடிதடி. முதல் லோரிக்கு முன்பணம் கட்டியது அந்தப் பணத்தில்தான்.

பாய் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். சில மாதம் கழித்துச் சேற்றில் கைவிட்டால் சேறுதான் வந்தது. செல்லன் முந்திக்கொண்டார். “ஆத்துத் தண்ணி கெட்டுப்போச்சு பாய், எல்லாம் செத்துருச்சு.” அப்போது ஆற்றைத் திட்டாத ஆள் இல்லை. பாய் நம்பினார். ஊரும் நம்பியது. பாய் படகை விற்றுவிட்டுச் சொந்தக்காரர் சாப்பாட்டுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார்.

போன வாரம் பாயின் மகள் ஃபரா கடைக்கு வந்தாள். மீனவர் கூட்டுறவில் வேலை. கையில் எழுதி நிரப்புகிற பாரம் ஒன்று.

“அங்கிள், கெராங் குஞ்ச விதையா மறுபடி போடப் போறோம். பட்ஜெட் ரெண்டு எடத்துக்குத்தான் இருக்கு. எங்க எதனால அழிஞ்சதுன்னு பழைய ஆளுங்ககிட்ட எழுதி வாங்கறேன். அப்பா எடம் உங்களுக்குத்தான தெரியும்?”

“தெரியாம? இந்தக் கரையில என்னக் கேக்காம ஒரு சிப்பி வாயத் தொறக்காது.”

“அப்ப சொல்லுங்க. எதனால?”

“தண்ணி” என்றார் செல்லன். இருபது வருஷம் சொல்லிப் பழகிய வாய்.

ஃபரா பேனாவைக் கன்னத்தில் தட்டினாள். “ஒரு முழம் தோண்டிப் பாத்தோம். தண்ணியில செத்தா ஓடு சேத்துலயே கெடக்கும்ல? அங்க ஓடே இல்ல.”

“அலை அடிச்சிட்டுப் போயிருக்கும்மா.”

“அப்படியா. சரி, தண்ணின்னே போட்டுடறேன். கெட்ட எடம்னா லிஸ்ட்லருந்து எடுத்துருவாங்க, வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிஞ்சிரும். பரவால்லலா. அம்மாதான் பாவம், அந்த எடத்துக்கு விதை வருதுன்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தாங்க.” பாரத்தை நீட்டினாள். செல்லன் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். மனைவி புஷ்பா ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செடிகள் தொங்கியது அந்தச் சல்லடையில். பாய் திரும்புவதற்குள் படகில் வேறு சல்லடை வைத்துவிட்டு, நல்ல இரும்பு, தூக்கிப் போட மனசில்லை என்று செல்லன் கொண்டுவந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் விளக்குவார். ஒரு நாளும் உறுத்தியதில்லை. அன்று உறுத்தியது. ஒரு தடவை கொன்றது காசுக்காக. இப்போது உயிரோடிருக்கும் சேற்றைச் செத்ததென்று கையெழுத்துப் போட்டது எதற்காக?

“செடிய எறக்கு” என்றார்.

“எதுக்கு? இரும்பு வெல ஏறிருச்சா?”

“ஏறிருச்சு.”

மறுநாள் காலை பேங்கில் இருபதாயிரம் எடுத்துக்கொண்டு, சல்லடையை லோரியில் போட்டு, பாய் வீட்டுக்குப் போனார். பாயின் மனைவி ஹலீமா வாசலுக்கு வந்தார். பின்னாலேயே ஃபராவும்.

“வாங்கண்ணே. என்ன இது, கோழிக்கூண்டு?”

“பாயோட சல்லடம்மா.”

செல்லன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பட்டறையை, நாற்பது நாளை, தண்ணீர் என்று சொன்னதை. பெருமை பேசவே பழகிய குரல், இதைச் சொல்லும்போது இடம் தெரியாமல் தடுமாறியது.

ஹலீமா குனிந்து கம்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. பக்கத்து இடைவெளியிலும் பார்த்தார்.

“தண்ணிய அவரு திட்டல அண்ணே” என்றார். “ஊருதான் திட்டுச்சு. அவரு தன்னத்தான் திட்டிக்கிட்டாரு. ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்ததும் எடம் செத்துருச்சே, ஹஜ்ஜு கபூல் ஆகல, அல்லா ஏத்துக்கலபோல, கடனத் தீக்காமப் போகக்கூடாதே, நான் யாருக்கோ என்னமோ பாக்கி வச்சிட்டுப் போயிருக்கேன்னு. கடைசி வரைக்கும். ஆஸ்பத்திரியிலகூடக் கேட்டாரு, யாருக்கு ஹலீமா, யாருக்குப் பாக்கின்னு.”

செல்லன் தரையில் உட்கார்ந்தார்.

ஃபரா பாரத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். “தண்ணி” என்ற சொல்லை அடித்திருந்தாள். “நான் போய்ச் சொன்னா அப்பா எடத்துக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை நீங்கதான் எந்திரிச்சு நின்னு சொல்லணும். எல்லார் முன்னாடியும். இந்தச் சல்லடையோட.”

எல்லார் முன்னாடியும் என்றால், கல்யாண வீடுகளில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் அத்தனை பேர் முன்னாலும். எழுபத்தொரு வயதில். செல்லன் வாசலைப் பார்த்தார், லோரியில் தன் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

“சொல்றேம்மா” என்றார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பணக்கட்டை எடுத்து ஹலீமாவின் முன்னால் வைத்தார். “இருபதாயிரம் இருக்கு.”

ஹலீமா தொடவில்லை. “கடன் எவ்வளவு?”

“நாலாயிரத்து இருநூறு.”

“அது அவருக்கு வரவேண்டியது, அத வாங்கிக்கறேன். மிச்சத்த விதைக்குக் குடுங்க. நீங்க செஞ்சதுக்கு நான் வெல சொல்ல முடியாது.”

“வச்சுக்கம்மா, எண்ணாம...”

“எண்ணிக் குடுங்க அண்ணே. அவரு எண்ணாம வாங்க மாட்டாரு.”

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். செல்லன் கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். நூறு வெள்ளி நோட்டு ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினார், லயத்துத் தாய்மார்கள் பிள்ளைக்குப் பத்து எண்ணுகிற மாதிரி. முப்பதில் எண்ணிக்கை தப்பிப்போனது. ஹலீமா கையை எடுக்காமல் காத்திருந்தார். செல்லன் முதலிலிருந்து எண்ணினார். விரித்த கை விரித்தபடியே இருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.