இடம் சொல்லாத படம்

ஸ்டெல்லாமேரி எடுத்த படங்கள் புதுச்சேரியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள், மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிகள், பிரான்சு விசாவுக்காக முகத்தை இறுக்கிக்கொண்ட மாமன்மார்கள். எந்தப் படத்திலும் அவள் பெயர் இல்லை. மூலையில் 'தாஸ் ஸ்டூடியோ' என்று பொன்னிற எழுத்து மட்டும் இருக்கும். அவள் வேலை பார்க்கும் கடை கிறிஸ்துதாஸ் அண்ணனுடையது, பெயரும் அவருடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கல்யாண ஆல்பத்தை முடித்து அட்டையில் போடும்போதெல்லாம் அந்த எழுத்தை விரலால் ஒருமுறை மறைத்துப் பார்ப்பாள். பிறகு கையை எடுத்துவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேறு வேலை. விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விடுவாள். காலாப்பட்டுப் பக்கம் செம்மண் ஓடைகளில் பஞ்சுருட்டான் குருவி, கடலோர மணலில் அடும்புப் பூ, அரியாங்குப்பம் ஆற்றோரம் கொக்கு. சொந்தமாக வாங்கிய பழைய கேமரா. பிடி தேய்ந்து வழவழத்துப் போனது. பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே முடித்துவிடுகிறாள் என்றாலும் அவள் அம்மா அமலோற்பவத்துக்கு மனசு ஆறாது.

"தவக்காலத்துல ஊர் ஒலகம் கறிய விடும். நீ ஞாயித்துக்கெழம பூசைய விடுற."

"நேத்தே போயிட்டு வந்துட்டேன்மா."

"நேத்து போனது நேத்து கணக்கு. ஒரு குருவியாச்சும் உனக்கு மாப்ள பாத்து குடுத்துச்சா?"

ஸ்டெல்லாமேரி ஹெல்மெட்டை எடுத்துவிடுவாள். அதைப் போட்டுக்கொண்டால் பாதிப் பேச்சு காதில் விழாது.

ஊரில் இப்படிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. செயலாளர் ஜோசப் ஆனந்த். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் சொல்தா. நல்ல மனுஷன். ஸ்டெல்லாமேரியின் படங்களை முதலில் மதித்துச் சங்கத்தில் சேர்த்ததும் அவர்தான். வருஷா வருஷம் மார்ச் மாதம் 'பிரேந்தான்' என்று ஒரு கண்காட்சி நடத்துவார். பிரெஞ்சில் அதற்கு வசந்தம் என்று பொருள். அவர் இளமையில் பார்த்த வசந்தத்தில் பனி உருகும். இங்கே மார்ச்சில் உருகுவது ரோட்டுத் தார்தான். ஆனாலும் சங்கத்துக்காரர்கள் விடமாட்டார்கள். உச்சி வெயிலில் எடுத்த பூவிலும் பனித்துளி இருக்கும். எல்லார் பையிலும் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று உண்டு.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. படம் போட்டால் இடமும் போட வேண்டும். யாரும் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது, எல்லாரும் போய் எடுக்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். போன வருஷம் காலாப்பட்டில் ஒரு தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. இடம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த மறுநாளே அந்தச் செடிக்கு முன்னால் வரிசை நின்றது. கூட்டை ஓர் இலை மறைத்தது. ஒருவர் நகவெட்டியால் அதை நறுக்கினார். அடுத்தவருக்கு இன்னோர் இலை இடைஞ்சல். வரிசையின் கடைசியில் நின்ற ஸ்டெல்லாமேரியின் முறை வந்தபோது கூடு பந்தலில்லாத கல்யாணம் மாதிரி வெட்டவெளியில் இருந்தது. அதன்மேல் ஒரு காகம் குனிந்து நின்றது. அவள் காகத்தை எடுத்துக் குழுவில் போட்டாள். 'இந்த மாதிரி படம் வேண்டாம், மனசு கஷ்டமா இருக்கு' என்று யாரோ எழுதினார்கள். சிறிது நேரத்தில் படம் காணாமல் போனது.

இந்த வருஷம் மாசி மாதத்தில், அரியாங்குப்பத்தைத் தாண்டி, மனைப்பிரிவு போட்டு அப்படியே விட்டிருந்த ஓர் இடத்தில் ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளை அவள் பார்த்தாள். கூடு என்று எதுவும் கிடையாது. சரளைத் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் நான்கு முட்டை. கல்லோடு கல்லாகக் கிடந்தன. சுற்றிலும் நெருஞ்சி படர்ந்து தரையெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தது. சாக்கடைக்கென்று இறக்கிப் போட்ட சிமெண்டுக் குழாய்கள் தூரத்தில் கிடந்தன. அதில் ஒன்றுக்குள் வயிற்றால் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டாள். முழங்கையெல்லாம் முள். பறவை கத்தி ஓய்ந்து, பக்கத்துக் குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்தது. அந்த வெயிலுக்கு ஈரம் கொண்டுவராவிட்டால் முட்டை ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும். இறகில் நீர் சொட்ட, நெருஞ்சிப் பூக்களுக்கு நடுவே அது உட்கார்ந்த நொடியை ஸ்டெல்லாமேரி எடுத்தாள்.

கிறிஸ்துதாஸ் அண்ணன் படத்தைப் பெரிதாகப் போட்டு, தன் கையாலேயே ஃபிரேம் அடித்துக் கொடுத்தார். கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாளில் ஜோசப் ஆனந்த் கூப்பிட்டார். முதல் படம் இதுதான், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இதைத்தான் மாட்டப்போகிறோம், கீழே பெரிய எழுத்தில் உன் பெயர் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி ஸ்டெல்லா. எடம் எழுதாம குடுத்துட்ட."

"எழுதல சார். எழுத மாட்டேன்."

அவர் படத்தையும் அந்தப் பதிலையும் குழுவில் போட்டார்.

அன்று மாலை குழுவில் பேச்சு ஏறியது. இவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்றார் ஒருவர். நாங்கள் எல்லாரும் இளிச்சவாயர்களா என்றார் இன்னொருவர். சூரியகாந்திப் படமாகவே போடுகிற ஒருவர், 'இது ஸ்டூடியோ வேலை. கடையில் வாங்கின காடை முட்டை. கல்யாணப் பொண்ணுக்குச் செட் போடுற மாதிரி பறவைக்கும் போட்டிருக்கு' என்று எழுதி, சிரிக்கும் முகங்களை வரிசையாக வைத்தார்.

ஸ்டெல்லாமேரி அதிகம் எழுதுகிறவள் இல்லை. 'காடை முட்டையா இருந்தா மிளகுத்தூள் போட்டு சாப்பிட்டிருப்பேன்' என்று மட்டும் போட்டாள்.

மறுநாள் ஜோசப் ஆனந்த் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். ஸ்டெல்லாமேரி ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருவைத் திரையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துதாஸ் எழுந்து, "வாங்க சொல்தா, டீ சொல்லட்டுமா?" என்றார்.

"டீ இருக்கட்டும். உங்க கடைப் பொண்ண பேச சொல்லுங்க." அவள் பக்கம் திரும்பினார். "எங்கேம்மா எடுத்த?"

"வெயில்ல சார்."

"வெளையாடாத."

"வெளையாடல சார். அந்த வெயில்ல நாம போயி நின்னா அது எழுந்துடும். நாம நிக்கிற வரைக்கும் திரும்பி வராது. முட்டை வெந்துடும்."

"ஊரையேவா கூட்டிட்டு போவேன்? நாலு பேர். தூர நின்னு எடுத்துட்டு வந்துடுவோம்."

"போன வருஷம் தையல்சிட்டுக்கும் நாலு பேருன்னுதான் சொன்னீங்க."

அவர் முகம் சிவந்தது. "அது யாரோ செஞ்ச தப்பு. அதுக்காக சங்கத்தையே சந்தேகப்படுவியா? உன்ன இட்டுனு வந்தவன் நான். என்ன நம்ப மாட்டியா?"

"உங்கள நம்புறேன் சார். உங்களுக்கு சொன்னா குழுவுல போடாம இருப்பீங்களா?"

ஜோசப் ஆனந்த் பொய் சொல்லத் தெரியாதவர். "விதின்னு ஒண்ணு வெச்சுட்டு நானே அத மீற முடியாதும்மா."

"அதான் சார் சொல்லல."

"உன் பேரு சுவத்துல வரணும்னு உனக்கு எவ்ளோ ஆசைன்னு எனக்கு தெரியும்."

"ஆமா. ரொம்ப ஆச."

"அப்பறம்?"

ஸ்டெல்லாமேரி சுட்டியை நகர்த்தி மணப்பெண்ணின் மறுகன்னத்துக்குப் போனாள். "ஆசை இருந்தா மட்டும் சொல்லிடணுமா சார்?"

அவர் போனபின் கிறிஸ்துதாஸ் கேட்டார். "என்கிட்டயாச்சும் சொல்லுவியா?"

"மாட்டேன் அண்ணே."

"நல்லது. எனக்கு வாயில எதுவும் நிக்காது."

கண்காட்சி தொடங்குகிற அன்று அமலோற்பவம் மத்தியானமே பெட்டியைத் திறந்து, ஈஸ்டருக்கென்று வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மகள் பெயர் சுவரில் வருவதைப் பார்க்கவேண்டும் என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். பெயர் வருமா என்று தெரியாது என்பதை ஸ்டெல்லாமேரி வழியெல்லாம் சொன்னாள். ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் காற்றில் கேட்கவில்லை, அல்லது கேட்டுக்கொள்ளவில்லை.

கடற்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே, மஞ்சள் சுவரும் உயரமான ஜன்னல்களும் உள்ள கூடம். வாசலுக்கு நேர் எதிரே அவள் படம் மாட்டியிருந்தது. ஜோசப் ஆனந்த் மனசாரத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இவ்வளவு நல்ல படத்தை விட அவருக்கு மனமில்லை, விதியை விடவும் முடியவில்லை. இடம் சொல்லாத படத்துக்குப் பெயர் கிடையாது என்று முடிவாயிற்று. கீழே அட்டையில் அச்சடித்திருந்தது: 'புகைப்படம்: ஓர் உறுப்பினர்.'

அமலோற்பவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஓர் உறுப்பினரா? அது யாருடி?"

"நான்தான்மா."

"உனக்கு ஞானஸ்நானத்துல வெச்ச பேரு அது இல்லியே."

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் படத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். பக்கத்துப் படத்தில் பனித்துளியோடு ஒரு செம்பருத்தி. அதன் கீழே எடுத்தவரின் பெயர், ஊர், தெருப்பெயர் வரை இருந்தது. ஸ்டெல்லாமேரி 'ஓர் உறுப்பினர்' என்ற எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாஸ் ஸ்டூடியோ என்ற எழுத்தையாவது விரலால் மறைக்க முடியும். இங்கே மறைப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. கைப்பையை அம்மாவிடம் நீட்டினாள்.

"இத புடிமா. வேணாம், தோள்ல மாட்டிக்க. அந்தப் பக்கம் ஃபிரேம புடி."

"எதுக்கு?"

"எறக்கலாம்."

அமலோற்பவம் ஒரு நொடிதான் யோசித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்க, படம் ஆணியை விட்டு வந்தது. ஜோசப் ஆனந்த் வேகமாக வந்தார்.

"ஸ்டெல்லா, இது முறையில்ல. இத்தன பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார்."

"கண்காட்சிக்கு குடுத்த படத்த நடுவுல எடுக்க கூடாது."

"படம் என்னுது. ஃபிரேம் தாஸ் அண்ணன் போட்டது. ஆணி மட்டும்தான் உங்களுது. அத வெச்சுட்டுதான் போறேன்."

"நான் உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"செஞ்சீங்க சார். அதுக்காக இந்தப் படம் வரைக்கும் உங்க பேச்ச தட்டுனதில்ல."

கூட்டம் விலகி வழிவிட்டது. அமலோற்பவம் வாசல்படி இறங்கும்போது திரும்பி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "என் பொண்ணு பேரு ஸ்டெல்லாமேரி," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவ்வளவு பெரிய படத்தை ஸ்கூட்டியில் வைக்க முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கடற்கரைச் சாலை வழியாக இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடந்தார்கள். கடல்காற்று படத்தைப் பாய்போலத் தள்ளியது. சுண்டல்காரர் ஒருவர், "இன்னா படம்மா, விக்கிறதுக்கா?" என்றார். "பாக்குறதுக்கு" என்றாள் அமலோற்பவம். பாதி வழியில் ஸ்டெல்லாமேரியின் போன் ஒலித்தது. குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். படித்துவிட்டு, அம்மா தோளில் தொங்கிய பைக்குள் போனைப் போட்டாள். கண் கலங்கியதை அம்மா பார்த்தாள்; "நேரா புடிடி, கோணுது" என்றாள்.

ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மணப்பெண் வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாமேரி அவளை எடுத்துவிட்டு ஆட்காட்டியை வைத்தாள்.

"கல்யாண சீசன்ல பொண்ண எடுத்துட்டு கோழிய வெக்கிறியே," என்றார் கிறிஸ்துதாஸ்.

"கோழி இல்ல அண்ணே."

"எனக்கு தெரியுது. வர்ற கஸ்டமருக்கு யாரு சொல்றது?" மேசையைத் துழாவி ஒரு வெள்ளை அட்டையையும் மார்க்கரையும் எடுத்து வைத்தார். "என் பேருதான் மேல போர்டுல இவ்ளோ பெருசா கெடக்கே. உன் பேர நீ எழுதிக்க."

அவள் எழுதினாள். முதல் அட்டையில் எழுத்து கோணியது. கிழித்துவிட்டு வேறு எழுதினாள். புகைப்படம்: அ. ஸ்டெல்லாமேரி. அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழி காலியாக இருந்தது. ஓட்டுத் துண்டுகள் சில. கொஞ்சம் தள்ளி நெருஞ்சிக்குள் நான்கு பஞ்சுருண்டைகள் நீளக் காலோடு ஓடின. தாயும் தகப்பனும் மாறி மாறி அவள் தலைக்கு மேலேயே பாய்ந்து கத்தின. அவற்றுக்கு அவளும் ஓர் ஆள்தான். குனிந்தபடியே ஓடிவந்து வண்டியை எடுத்தாள்.

குருத்து ஞாயிறு கழிந்த வாரம், கடை திறந்து கொஞ்ச நேரத்தில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஜோசப் ஆனந்த் நிற்பதை அவள் உள்ளிருந்து பார்த்தாள். அட்டையைப் படித்தார். படத்தைப் பார்த்தார். அவள் வெளியே வந்தாள்.

"பொரிச்சுதா?" என்றார்.

"பொரிச்சுது சார். நாலும்."

அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் வந்தது. "நல்லது. நல்லது. குஞ்செல்லாம் கெளம்பியிருக்கும்ல, இப்பவாவது சொல்லலாமே."

"அடுத்த வருஷமும் அங்கதான் வரும் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஓர் ஆட்டல். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இத ஒரு படமாச்சும் எடுத்துக்கலாமா? அதுக்கும் தடையா?"

"தாராளமா எடுங்க சார்," என்றாள் ஸ்டெல்லாமேரி. "கொஞ்சம் பின்னால தள்ளி நின்னு எடுங்க. கீழ இருக்கற பேரும் விழணும்."