ஒரு கை மச்சானுக்கு, ஒரு கை ராத்தாவுக்கு

ஐம்பதுகளின் நடுவில், கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் நெசவாளர் சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்த கூட்டத்தில் நடந்தது இது. நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூசுகிற ஆள் நான்.

பக்கத்து வீட்டு ராத்தா, எனக்கு அக்கா மாதிரி, கணவர் மௌத்தாகி, விதவைகள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். கணவரின் அங்கத்துவம் அவர் பெயருக்கு வந்திருந்தாலும், இத்தா முடியும்வரை வெளியே வர முடியாது. அப்படிப்பட்டவர்களின் வாக்கை இன்னொரு அங்கத்தவர் கொண்டுபோகலாம் என்பது சங்கத்து வழக்கம். ராத்தா என்னைக் கேட்டார்.

சிக்கல் என்னவென்றால், மறுபடியும் தலைவராக நின்றவர் என் மனைவியின் அண்ணன். ஆண் நெசவாளி இல்லாத வீட்டுக்குச் சங்கத்து நூல் கிடையாது என்று வைத்திருந்தவரும் அவர்தான். எதிர்த்து நின்றவர் பெண்களுக்கும் நூல் தருவதாகச் சொன்னார். ராத்தாவின் தறி சும்மா கிடந்தது. பிள்ளைகளுக்குச் சோறு அதிலிருந்துதான் வர வேண்டும்.

கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தா சொன்னார்: "தம்பி, என்ட வாக்கு உங்கட மச்சானுக்கு இல்ல. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, வேற ஆளைப் பாக்கிறன்."

"ஓம் ராத்தா, செய்றன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டம் தொடங்குமுன் மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டையும் எனக்கே போடு. அவ வந்தா பாக்கப் போறா?"

அவருக்காகக் கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். எண்ணியவர் என்னிடம் வந்ததும் உரக்கக் கேட்டார்: "ஒண்டா, ரெண்டா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்டு" என்றேன்.

அடுத்தவருக்கும் என் கை உயர்ந்தபோது, "மச்சானுக்கு ஒரு கை, மச்சானைக் கவுக்க ஒரு கையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. நான் உட்கார்ந்திருந்த ஓலைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் தோற்றுப்போனார். பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மனைவி அழுதாள். ராத்தாவுக்கு நூல் கிடைத்தது.

அடுத்த தெரிவுக்கும் மச்சான் நின்றார். ஆனால் காய்ச்சலில் எழும்ப முடியவில்லை. ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். "என்ட வாக்கை நீ கொண்டு போ" என்றார், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு.

"ஆருக்கு மச்சான்?"

"எனக்குத்தான், வேற ஆருக்கு? அவட வாக்கை மாத்தாதவன், என்டதையும் மாத்தமாட்டாய்."

கதைக்கத் தெரியாத என்னிடம் இரண்டு பேர் தங்கள் சொல்லைத் தந்து அனுப்பினார்கள் என்ற நினைப்பு, இன்றும் கூட்டத்தைக் கண்டு கூசும்போது எனக்குத் துணையாக வருகிறது.