மூட முடியாத சி டாலர்

பட்டப்பகலில் நடந்தது இது. ஒரகடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் சிஸ்டம் அட்மின். விண்டோஸ் கணினி ஒவ்வொன்றும் தன் டிஸ்க் முழுவதையும் அட்மினுக்காக மறைவாகத் திறந்து வைத்திருக்கும். சி டாலர் என்போம். பாஸ்வேர்டு இருந்தால் போதும், தன் சீட்டில் உட்கார்ந்தபடியே எந்தக் கணினிக்குள்ளும் கைவைக்கலாம். அதை மூடச் சொல்லி மூன்று முறை மெயில் போட்டேன். புரொடக்‌ஷன் மேனேஜர் நடேசன் விடவில்லை. அந்த பாஸ்வேர்டு அவரிடமும் இருந்தது.

பிப்ரவரியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் நாலாம் பிரஸ்ஸில் இசக்கி செத்தான். கோவில்பட்டிக்காரன். படப்பையில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன். ஆள் உள்ளே குனிந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் அன்று அணைந்திருந்தது. அவனே அணைத்தான் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். நான் கேட்டதற்கு நடேசன், "அவன்தான் பாத்து வேல செஞ்சிருக்கணும். நீ உன் வேலைய பாருப்பா" என்றார். அன்று அவரை அறையாமல் வந்தேனே என்று இன்றும் எரிகிறது.

அக்டோபரில் சி டாலர் வழியாகவே வைரஸ் பரவி ஆபீஸ் முடங்கியது. உடனே, சி டாலரை மூடு என்று உத்தரவு. ஆள் செத்தபோது வராத உத்தரவு. ஞாயிறு லீவில் தனியாக உட்கார்ந்தேன்.

2:14. எண்பத்தைந்து கணினிகளில் மூடியாயிற்று. பட்டியலில் இன்னொன்று தெரிந்தது. பிரஸ்-4. நாலாம் பிரஸ்ஸை இயக்கிய, விபத்துக்குப் பிறகு ஓரங்கட்டிய கணினி. திறந்திருந்தது.

2:16. மூடினேன். திறந்துகொண்டது.

2:19. மறுபடி மூடினேன். திறந்துகொண்டது. பிரஸ் லைன் பக்கமிருந்து... டம்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி தளவாய்க்குப் போன் போட்டேன். பிரஸ் லைனில் யார் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல சார். அங்க கரண்டே ஆஃப்ல கீது."

டம்...

போய்ப் பார்த்தேன். பிரஸ் அசையவில்லை. கணினியின் ஒயர்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. பிளக்கில் ஒன்றுமில்லை.

ஓடி வந்தேன். 2:31. என் திரையில் பிரஸ்-4 தானாக விரிந்திருந்தது. ஒரே ஒரு ஃபைல். சென்சாரை அணைத்த பதிவு. பிப்ரவரி 11, இசக்கி செத்த அன்று, மாலை 4:52. அணைத்தது... நடேசனின் கணினி.

பயம் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி எடுத்தேன்.

டம்...

பட்டியலில் பிரஸ்-4 இல்லை.

மறுநாள் அதை இசக்கியின் அக்கா சந்திரலேகாவிடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் கொடுத்தேன். நடேசனைப் போலீஸ் அழைத்துப் போனது. ஆய்வாளர் பிரஸ்-4 கணினியைக் கைப்பற்ற வந்தார். என் கண் முன்னால்தான் பெட்டியைக் கழற்றினார்கள்.

உள்ளே டிஸ்க் இல்லை.

விபத்து நடந்த அன்றே கழற்றி உடைத்துவிட்டதாக நடேசன் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதமாக அது வெறும் பெட்டி.