அம்மாவைக் காப்பாற்றிய தவறான காரணம்

அம்மாவைப் போலீஸ் லாரியில் ஏற்றப் பார்த்தார்கள்.

குற்றம்? அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தது!

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். மெர்லிமாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது என்று எங்கள் குடியிருப்பு லயங்களைச் சுற்றி முள்வேலி.

வேலிக்கு உள்ளே வைத்தால் நாய்கள் விடாது. அதனால் அம்மா கையை நீட்டி, வெளியே இருந்த மரக்கட்டைமேல் வைத்தார். செத்துப்போன என் அப்பாவுக்கான சோறு.

காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர், எங்கள் பேச்சில் மாத்தா, பார்த்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க எங்கள் தோட்டத்துக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா வந்தார்.

வந்தவர் மொழிபெயர்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்!

"காட்டுக்காரருக்குச் சோறு குடுக்கிறவை வேலிக்கு அங்கால வைப்பினம். உன்ர அம்மாவும் அங்கால வைச்சிருக்கிறா. அப்ப அவவும் அந்த ஆள்தான்!"

எனக்கு அப்போது பதினெட்டு வயது. பால்வெட்டு வேலை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. வாதம் செய்வதை நானே கற்றுக்கொண்டேன். (ஆசிரியர் இல்லாததால் என்னைத் திருத்தவும் ஆள் இல்லை!)

"ஐயா, காய்ச்சல் வந்தா உடம்பு சுடும். வெயில்ல நின்னாலும் சுடும். உடம்பு சுடுற எல்லாருக்கும் காய்ச்சலா?"

"பெரிய லோயர் மாதிரிக் கதைக்காதை!"

"சரிங்கய்யா. போன அமாவாசைக்கு உங்க வீட்டிலயும் வேலிக்கு வெளிய காக்காய்க்கு வச்சாங்களே? உங்க கணக்குப்படி நீங்க யாரு?"

கிராணி ஐயாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மாத்தா பொறுமையிழந்து கேட்டார்: "ஆப்பா டியா சக்காப்?"

அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் ஐயாவும் லாரியில் ஏற வேண்டும்!

தொண்டையைச் செருமிக்கொண்டு மலாயில் சொன்னார்: "ஆயாம் லா. டியா பூஞா ஆயாம் மக்கான்."

எங்கள் வீட்டுக் கோழி வெளியே மேய்கிறதாம், அதற்குத் தீனியாம்!

மாத்தா சிரித்துவிட்டார். "ஓ, ஆயாம்! போலே லா!" போகலாம் என்று கையை அசைத்தார்.

எங்கள் வீட்டில் கோழியே கிடையாது! அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கால் விரலை நன்றாக மிதித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது பொருமினேன். "அம்மா, நான் சொன்னதுதானே நியாயம்? அவரு பொய் சொல்லி, அப்பாவையே கோழியாக்கிட்டாரு!"

"உங்கப்பா கோழியா இருந்துட்டுப் போறாரு. நான் லாரில போகணுமாடா? வாயை மூடிட்டு நட!"

நடந்தேன். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை.

முடிவு சரி. காரணம் தவறு. சரியான வாதம் அந்த மாத்தாவின் காதுக்குப் போகவே இல்லை!

என் வாதத்தில் ஓட்டை இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

'அம்மா தப்பிச்சாங்களே, அது போதாதா தாத்தா?' என்று மட்டும் எழுதாதீர்கள்.

அது வாதமே இல்லை!