அக்கா கேட்ட தேனீ விஷம்

தேனீ விஷத்தில் மெலிட்டின் என்று ஒரு சின்னப் புரதத் துண்டு இருக்கிறது. செல்லின் மேலுறையில் அது போய் ஒட்டிக்கொண்டால், செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதி ஒன்று கிளர்ந்து, அந்த உறையின் கொழுப்பைத் தானே அறுக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு அறுக்கிறது என்று அளப்பதுதான் தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என் ஆராய்ச்சி. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அக்காதான் முதலில் கேட்டாள்.

அவள் ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்த்தாள். மார்பில் வந்த புற்றுநோய், ஆபரேஷனுக்குப் பிறகும் ஈரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த கீமோவுக்காகக் குன்றத்தூர் வீட்டில் காத்திருந்தபோது, யாரோ அனுப்பிய வீடியோவை என்னிடம் நீட்டினாள்.

"தேனீ வெசம் கேன்சர் செல்லை சாவடிக்குதாம்டி. நீ அதுலதானே வேலை செய்ற? எனக்குக் கொஞ்சம் எடுத்தாந்து குடேன்."

"அது தட்டுல வளக்குற செல்லுலதான்க்கா. ஒடம்புல போனா நல்ல செல்லையும் சேத்துதான் கொல்லும்."

"நீ பாத்தியா?"

"தெனம் பாக்குறேன்."

"அப்ப எனக்கும் காட்டு."

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவளுக்கு வாந்தி. ஆய்வகத்தில் முதலில் மார்பகப் புற்றுநோய் செல்கள் இருந்த தட்டை வைத்து, மெலிட்டினையும், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயத்தையும் விட்டேன். அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். செல்கள் உப்பின, ஒவ்வொன்றாக நீலமாயின.

"சாவுதுடி!" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த தட்டை வைத்தேன்.

"இது இன்னாது?"

"நோயில்லாத தோல் செல்."

குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒண்ணையும் உட்டு வெக்கலியே. நல்லதைத் தொடாம இருக்கறாப்ல செய்ய முடியாதா?"

"முயற்சி பண்றாங்கக்கா. நாளாவும்."

"என் காலத்துக்குள்ள ஆவாது."

நான் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தேன்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, விடவில்லை. சேரப்பணஞ்சேரிப் பக்கம் தேனீயைக் கொட்டவிட்டு வைத்தியம் பார்க்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து பைக்கில் கூட்டி வந்துவிட்டார். அக்கா கையை நீட்டவேயில்லை.

"நான் கண்ணால பாத்துட்டேன். அவரைக் கொண்டுபோய் உட்டுட்டு வா."

மாமா என் பக்கம் திரும்பினார். "நம்பிக்கினு இருந்தா. அதையும் நீ புடுங்கிட்ட."

அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். லைன் பெண்கள் யூனிஃபார்மோடு கம்பெனி வேனில் வந்தார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடிக்க, உடலை எடுப்பதற்கு முன்பே ஏறிப் போனார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ஆய்வகத்துக்குப் போய் விட்ட வேலையைத் தொடர்ந்தேன். முந்தின நாள் பந்தியில் எனக்குச் சோறு போட்டது மாமாதான். என் முகத்தைப் பார்க்காமலே போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.