மூடாமல் அடித்த எண்ணெய்

என் வீட்டுக்காரருக்குப் பேயைக் கண்டால் பயமில்லை, முதலாளியைக் கண்டால் பயமில்லை, என்னைக் கண்டால் சுத்தமாகப் பயமில்லை. துருவைக் கண்டால் மட்டும் கைகால் உதறும். கல்யாணத்துக்கு முன்னால் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் சக்கரத்து போல்ட்டுகள் துருவேறி முறிந்து, சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் தனியாக உருண்டு போனதைப் பார்த்தவர். அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்ட மனிதர் மறுபடி தொடவே இல்லை. எங்களுடையது கடல் காற்று அடிக்கிற ஊர் வேறு. கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, என் கத்தரிக்கோல் என்று எதையும் விடாமல் எண்ணெய் தடவி வைப்பார். தைக்கிற துணியில் கறை பட்டு நான் கத்தாத வாரம் கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில்தான் வேலை பார்க்கிறோம். கார்களின் அடிப்பாகத்துக்குத் துரு பிடிக்காமல் எண்ணெய் அடிக்கிற பட்டறை. வண்டியை மேலே தூக்கியதும் முதலில் நான் போவேன். பிரேக், சைலன்சர் என்று எண்ணெய் படக்கூடாத இடங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பை கட்டி டேப் ஒட்டுவேன். அப்புறம்தான் இவர் ஸ்பிரேயைப் பிடித்துக்கொண்டு வருவார். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் அடிப்பார், ஒரு போல்ட்டை விடமாட்டார். எதை மூட வேண்டும் என்று அவர் யோசித்ததே இல்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

ஒருநாள் எங்களுக்கு லீவு. மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு லீவு கிடையாது. அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. துணி அலசிக்கொண்டிருந்தேன். இவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். முகத்தில் ஒரே பெருமை.

"அவ வண்டிக்கு எண்ணெய் அடிச்சு விட்டுட்டேன். போல்ட், நட்டு எல்லாம் பளபளன்னு இருக்கு. முன் சக்கரத்து டிஸ்க்குல லேசா துரு வந்திருந்துச்சு, அதையும் விடல."

கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டேன்.

"பிரேக்கை யாருங்க மூடினது?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

எங்கள் தெருவைத் தாண்டினால் ஒரே இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் பறக்கிற பெரிய சாலை. பிரேக் கவ்விப் பிடிக்கிற தகடுதான் டிஸ்க், அதில் எண்ணெய் பட்டால் முன் பிரேக் வழுக்கும். பின் பிரேக்கோ பேருக்குத்தான் இருக்கிறது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். ஊரில் எந்தப் பிள்ளை அம்மா சொல்வதைக் கேட்கிறது, இவள் மட்டும் ஏன் கேட்டுத் தொலைக்க வேண்டும் என்று அழுகையாக வந்தது.

ஓடினோம். இவர் செருப்புகூடப் போடவில்லை. நான் கும்பிடாத தெய்வமில்லை. வளைவில் கூட்டம். கால்களுக்கு நடுவே எங்கள் ஸ்கூட்டர் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. அவளைக் காணோம். இன்னும் நாலு எட்டு வைத்தால் எதைப் பார்க்கப்போகிறேனோ என்று அங்கேயே நின்றுவிட்டேன். இவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றியிருக்கிறாள். குவியலுக்கு அந்தப் பக்கம், முழங்கையில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

இவர் குனிந்து டிஸ்க்கைத் தொட்டார். விரலில் எண்ணெய் மினுங்கியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக் பிடிக்கலப்பா. முதல்லயே எங்கயாவது ஓரமா திருப்பியிருப்பேன். நீங்க இப்பத்தானே வண்டியைப் பார்த்தீங்க, பிடிக்கும் பிடிக்கும்னு அமுக்கிட்டே வந்தேன்."

அதைக் கேட்டதும் இவர் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார்.

மெக்கானிக் டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பிரேக் பேடை மாற்றிக் கொடுத்தார். மகள் மறுபடி அதே ஸ்கூட்டரில்தான் போகிறாள். அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

காலையில் அவள் கிளம்புவதற்கு முன்னால் இவர் போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கின் மேல் பழுப்பாக ஒரு மெல்லிய துரு படர்ந்திருக்கும். நாலு தடவை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடுகிற துரு. எண்ணெய் இருந்தால் அது வராது. விரலால் அதைத் தேய்த்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"துரு இருக்கு. நீ போம்மா."